கம்பியில் சுட்ட கறியும் உடல்நலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ஆர்க்காடு, வேலூர் எனப் பழைய வட ஆர்க்காட்டு ஊர்கள் பலவற்றில் பொழுது சாய்ந்ததும் கடைத்தெருவில் கரி அடுப்பு மூட்டப்படுகிறது. மசாலாவில் ஊறிய கறித்துண்டுகள் கம்பியில் கோக்கப்பட்டுக் கனலின் மேல் வரிசையாக வைக்கப்படுகின்றன. ஊட்டச்சத்தைப் பற்றி மகளிர் குழுக்களிலும் பள்ளிகளிலும் பேசச் செல்லும்போதெல்லாம் இந்தக் கறியைப் பற்றிய ஐயங்களே என்னிடம் மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டன. அதை நஞ்சு என்று ஒதுக்குகிறவர்களையும், உடம்பைத் தேற்றும் மருந்து என்று நாள்தோறும் உண்கிறவர்களையும் ஒரே கூட்டத்தில் பார்க்கிறேன். இருவரும் அறிந்துகொள்ள வேண்டியவை உண்டு என்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்து விடையளித்திருக்கிறேன்.

கம்பில சுட்ட கறியில அப்படி என்னதான் சத்து இருக்கு?

கொழுப்பு நீக்கிய மாட்டுக்கறியைச் சுட்டபின் 100 கிராம் எடுத்தால், அதில் ஏறத்தாழ 25 முதல் 30 கிராம் புரதமும், 2.5 முதல் 3 மில்லிகிராம் இரும்பும், 5 மில்லிகிராம் அளவுக்குத் துத்தநாகமும் இருக்கும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான வைட்டமின் பி12 ஏறக்குறைய முழுவதும் அந்த அளவிலேயே கிடைத்துவிடும். பி12 பயிர் உணவுகளில் இயல்பாகக் கிடைப்பதில்லை. கறி, மீன், முட்டை, பால் ஆகியவற்றிலிருந்துதான் அதைப் பெற முடியும்.

இரும்பின் எண்ணிக்கையைப் பார்த்து, கீரையிலும் அதே அளவு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். கறியில் உள்ள இரும்பில் ஒரு பகுதி ஹீம் என்னும் வடிவத்தில் இருக்கிறது. அதில் 15 முதல் 35 விழுக்காடு வரை உடல் எடுத்துக்கொள்கிறது. கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்போ மிகக் குறைவாகவே உட்கிரகிக்கப்படுகிறது. ஆகவே தட்டில் உள்ள அளவைவிட, இரத்தத்தில் சேரும் அளவே கணக்கில் கொள்ளத்தக்கது.

ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் வேணும்? நாலு கம்பி சாப்பிட்டா போதுமா?

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. அதன்படி 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் வேண்டும். கம்பியின் நீளமும் துண்டின் பருமனும் கடைக்குக் கடை மாறும். கணக்கு வசதிக்காக ஒரு கம்பியில் 50 கிராம் பச்சைக்கறி இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுடும்போது நீர் வற்றுவதால் அது 35 கிராம் ஆகிவிடும். ஆனால் அதிலுள்ள சுமார் 10 கிராம் புரதம் ஏறக்குறைய அப்படியே தங்கும். ஆக நான்கு கம்பியில் 40 கிராம்.

காலையில் உண்ட இட்லியின் உளுந்திலும், மதியச் சாம்பாரிலும், தயிரிலும் புரதம் இருக்கிறது. அவற்றையும் சேர்த்தால் பெரும்பாலோருக்கு இரண்டு கம்பியே அன்றைய தேவையை நிறைவு செய்துவிடும்.

மாடு, ஆடு, கோழி – எது நல்லது?

எந்த விலங்கு என்பதைவிட, எந்தப் பகுதி என்பதே பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. மாட்டின் தொடைக்கறியில் கொழுப்பு குறைவு, நெஞ்சுக்கறியில் அதிகம். ஆட்டுக்கறி என்றாலே கொழுப்பு என்று பலர் அஞ்சுகிறார்கள். வெள்ளாட்டின் சதையில் மட்டும் பார்த்தால் கொழுப்பு மிகக் குறைவு, செம்மறியில் கூடுதல். கடையில் இரண்டும் ஒரே பெயரில் விற்கப்படுவதால் கேட்டு வாங்குவது நல்லது. கோழியைத் தோல் நீக்கிச் சுட்டால் கொழுப்பு குறையும். இரும்பும் துத்தநாகமும் மாடு, ஆடு இரண்டையும்விடக் கோழியில் குறைவாகவே இருக்கும்.

இரத்தசோகை உள்ளவருக்கு மாட்டுக்கறியோ ஆட்டுக்கறியோ கூடுதல் பயன் தரும். இரத்தக் கொழுப்பு உயர்ந்திருப்பவர் கோழியையோ மீனையோ அடிக்கடியும், மற்றவற்றை எப்போதாவதும் உண்ணலாம். நம் பகுதியில் பல குடும்பங்களின் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பது மாட்டுக்கறிதான். சத்தில் அது எதற்கும் தாழ்ந்ததன்று என்பதை நான் எந்தக் கூட்டத்திலும் தயங்காமல் சொல்கிறேன்.

துண்டுக்கறிக்கும் கொத்துக்கறி சீக் கபாபுக்கும் என்ன வித்தியாசம்?

கொத்துக்கறி கம்பியில் உதிராமல் ஒட்டி நிற்கவும், சுட்டபின் மென்மையாக இருக்கவும் அதில் கொழுப்பைச் சேர்த்து அரைப்பது வழக்கம். சில இடங்களில் கடலைமாவும் சேர்ப்பார்கள். ஆகவே ஒரே எடையில் துண்டுக்கறியைவிடக் கொத்துக்கறியில் கலோரி கூடுதலாகவும் புரதம் சற்றுக் குறைவாகவும் இருக்கும்.

இன்னொரு வேறுபாடு நலவழியில் முதன்மையானது. முழுத்துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். தீயில் பட்டதும் அவை அழிந்துவிடும். கொத்தும்போது மேற்பரப்பு முழுவதும் உள்ளே கலந்துவிடுவதால், கொத்துக்கறியின் நடுப்பகுதியும் குறைந்தது 71 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும். கோழிக்கு, துண்டாயினும் கொத்தாயினும், 74 டிகிரி. சமையலறையில் வெப்பமானி இல்லாதவர்கள் ஒன்றைப் பிட்டுப் பார்த்து, நடுவில் இளஞ்சிவப்பு நிறமும் சிவந்த சாறும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளலாம்.

சுட்டா கொழுப்பெல்லாம் சொட்டிப் போயிடும், அதனால எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்னு சொல்றாங்களே?

ஒரு பகுதி சொட்டிவிடும் என்பது உண்மை. எண்ணெயில் பொரித்த சில்லி பீஃபோடு ஒப்பிட்டால் சுட்ட கறியில் கொழுப்பு குறைவு என்பதும் உண்மை. ஆனால் சதைக்குள் ஓடும் கொழுப்பு உள்ளேயே தங்கிவிடும். சுடும்போது வெண்ணெயோ எண்ணெயோ தடவினால் போனது திரும்பி வரும். சொட்டிய கொழுப்பும் தீங்கின்றி மறைந்துவிடுவதில்லை. கனலில் விழுந்து புகையாகி மேலே எழுகிறது. அந்தப் புகையைப் பற்றி அடுத்த விடையில் சொல்கிறேன்.

கரியில சுட்டது சாப்பிட்டா கேன்சர் வருமா?

எங்கு சென்றாலும் எழும் கேள்வி இதுதான். அச்சத்தோடு கேட்கப்படுவதால் விரிவாகவே விடை சொல்ல வேண்டும். கறியைச் சுடும்போது இரண்டு வகைச் சேர்மங்கள் உண்டாகின்றன. சதையில் இயல்பாக உள்ள கிரியாட்டினும் அமினோ அமிலங்களும் ஏறத்தாழ 150 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வினைபுரிந்து உருவாக்குபவை ஒரு வகை. இவற்றை ஹெட்டரோசைக்ளிக் அமைன்கள் என்பர். கொழுப்பும் சாறும் கனலில் சொட்டி எரிந்து, அந்தப் புகை கறியின் மேல் படிவதால் வருபவை மற்றொரு வகை. இவை பலவளைய நறுமண ஹைட்ரோகார்பன்கள். இரண்டும் ஆய்வுக்கூட விலங்குகளில் அதிக அளவில் கொடுக்கப்பட்டபோது புற்றுநோயை உண்டாக்கின. மனிதர்கள் உண்ணும் அளவில் எவ்வளவு தீங்கு என்பதற்கு இதுவரை உறுதியான விடை கிடைக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015 அக்டோபரில் சிவப்பு இறைச்சியை, அதாவது மாடு, ஆடு, பன்றி ஆகியவற்றின் கறியை, 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்னும் 2ஏ பிரிவிலும், பதப்படுத்திய இறைச்சியை, அதாவது உப்பிட்டோ புகையூட்டியோ கெடாமல் காத்த கறியை, 'உறுதியாக உண்டாக்கும்' என்னும் முதல் பிரிவிலும் வைத்தது. புகையிலையும் அதே முதல் பிரிவில் இருப்பதால், இரண்டும் ஒரே அளவுக்குத் தீயவை என்று பலர் பொருள் கொள்கிறார்கள். அந்தப் பிரிவுகள் சான்று எவ்வளவு வலுவானது என்பதைக் காட்டுகின்றனவே ஒழிய, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைக் காட்டுவதில்லை. வாரம் ஒரு முறை கருகாத கறியை அளவோடு உண்பவர் இரவுத் தூக்கத்தை இழக்க வேண்டியதில்லை. நாள்தோறும் கருகிய கறியை வயிறு நிறைய உண்பவர் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்போ வீட்டுல சுடும்போது என்ன செய்யணும்?

முதலில் கரி. மண்ணெண்ணெய் ஊற்றியோ பிளாஸ்டிக் காகிதத்தைக் கொளுத்தியோ அடுப்பு மூட்டக் கூடாது. சீமைக்கருவேலங்கரியோ வேறு கரியோ, சுவாலை அடங்கி மேலே சாம்பல் பூத்து, உள்ளே கனன்றுகொண்டிருக்கும் நிலைக்கு வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். சுவாலை எழும்போதே கம்பியை வைத்துவிடும் அவசரத்தால்தான் வெளியே கருகி உள்ளே வேகாத கறி கிடைக்கிறது.

அடுத்தது கறி. வெளியே தெரியும் கொழுப்பை நீக்கிவிட்டு, ஒரே அளவான சிறு துண்டுகளாக நறுக்கினால் சீக்கிரம் வேகும். தீயில் இருக்கும் நேரம் குறையும். தயிர், எலுமிச்சைச் சாறு, இஞ்சி, பூண்டு, வெங்காயம், மஞ்சள் ஆகியவற்றில் ஊறவைப்பது சுவைக்காக மட்டும் வந்த வழக்கமாக இருக்கலாம். ஆனால் புளிப்பும் பூண்டும் வெங்காயமும் சேர்ந்த ஊறல், மேலே சொன்ன அமைன்கள் உருவாவதைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் வீட்டுப் பெரியவர்களின் கைப்பக்குவம் இவ்வகையில் நமக்குக் கிடைத்த பெரிய நன்மை. மசாலாவில் சர்க்கரையோ தேனோ சேர்த்தால் அது எளிதில் கருகும், அதைத் தவிர்க்கலாம். கடினமான மாட்டுக்கறிக்குப் பச்சைப் பப்பாளிக்காய் விழுது சிறிது போதும். அதிலுள்ள பப்பெயின் என்னும் நொதி தசைநாரைத் தளர்த்தி வேகும் நேரத்தைக் குறைக்கும். பப்பாளி அளவு மீறினால் கறி கூழாகிவிடும்.

சுடும்போது கனலிலிருந்து சற்று உயரத்தில் வைத்து, அடிக்கடி திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பக்கமே நெடுநேரம் தீயைப் பார்க்காதபடி திருப்புவது அமைன்கள் உருவாவதைக் குறைக்கும். கறியை முன்னரே முக்கால் பதத்துக்கு வேகவைத்துவிட்டுப் பிறகு கனலில் காட்டி எடுப்பதும் நல்ல முறை. இவ்வளவுக்குப் பிறகும் ஓரம் கருகினால் அந்தப் பகுதியைக் கிள்ளி எறிந்துவிட வேண்டும். கருகலில்தான் ருசி என்று பிள்ளைகளுக்குப் பழக்கக் கூடாது.

பக்கத்துல வைக்கிற எலுமிச்சையும் வெங்காயமும் சும்மா அழகுக்குத்தானே?

எலுமிச்சையிலுள்ள வைட்டமின் சி, உடன் உண்ணும் சப்பாத்தியிலும் கேழ்வரகுக் களியிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்ள உதவுகிறது. கறியும் அதே உதவியைச் செய்கிறது. முதல் விடையில் சொன்ன ஹீம் இரும்புக்கு இந்தத் துணை பெரிதாகத் தேவையில்லை. மற்ற இரும்புக்குத் தேவை. ஆகவே எலுமிச்சையைப் பிழிந்தே உண்ணுங்கள்.

இதற்கு நேர்மாறான வேலையைச் செய்வது, கபாப் உண்ட கையோடு குடிக்கும் தேநீர். அதிலுள்ள டானின் இரும்பு உட்கிரகிக்கப்படுவதைத் தடுக்கும். உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தேநீர், காப்பியைத் தவிர்க்குமாறு ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் கூறுகின்றன.

எனக்கு ரத்தசோகை மேடம். மாத்திரை சாப்பிட்டா வயித்தைப் புரட்டுது. அதுக்குப் பதிலா ஈரல் சுட்டுச் சாப்பிடலாமா?

ஈரல் உண்ணலாம், மாத்திரையை நிறுத்தக் கூடாது. 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. பெண்ணொருத்திக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு பரிந்துரைக்கப்படுகிறது. 100 கிராம் ஈரலில் ஏறக்குறைய 5 முதல் 7 மில்லிகிராம்தான் உண்டு. கர்ப்பிணிகளுக்கு அரசு வழங்கும் ஒரே மாத்திரையில் 60 மில்லிகிராம் இருக்கிறது. குறைந்துபோன இருப்பை உணவால் மட்டும் நிரப்புவதற்கு நெடுங்காலம் ஆகும்.

வயிற்றைப் புரட்டுவது பொறுக்க முடியாவிட்டால் மருத்துவரிடமோ கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ சொல்லி, மாத்திரையை உண்ணும் நேரத்தையோ வகையையோ மாற்றிக்கொள்ளலாம். சொல்லாமல் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடும் பெண்கள் பலரை அறிவேன். அவர்களுக்காகவே இந்த விடையை எழுதுகிறேன்.

மாசமா இருக்கறவங்க சாப்பிடலாமா?

நன்றாக வெந்த கறியைத் தாராளமாக உண்ணலாம். அந்தக் காலத்தில் புரதமும் இரும்பும் கூடுதலாகவே தேவை. அரைகுறையாக வெந்த கறியில் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி இருக்கக்கூடும். அது கருவிலுள்ள குழந்தையைத் தாக்கும். ஆகவே அடுப்பைப் பார்க்க முடியாத கடைகளில் வாங்குவதைவிட வீட்டில் சுட்டு உண்பது பாதுகாப்பு. ஈரலை மட்டும் கர்ப்ப காலத்தில் தவிர்க்க வேண்டும். அதில் வைட்டமின் ஏ மிக அதிகமாக உள்ளது. அளவு மீறினால் கருவுக்குத் தீங்கு நேரலாம். முந்தைய விடையில் ஈரலுக்குக் கொடுத்த இசைவு கர்ப்பிணிகளுக்குப் பொருந்தாது.

எனக்குச் சர்க்கரை, பிரஷர் ரெண்டும் இருக்கு. கபாபை விட்டுடணுமா?

கறியில் மாவுச்சத்து இல்லாததால் அது நேரடியாகச் சர்க்கரையை ஏற்றுவதில்லை. ஏற்றுவது, அதோடு வரும் பரோட்டாவும் தட்டு நிறைந்த பிரியாணியும்தான். இரண்டு கம்பிக் கறியோடு ஒரு சப்பாத்தியும் நிறையக் காய்கறியும் உண்பவருக்கும், அதே கறியோடு நான்கு பரோட்டா உண்பவருக்கும் இரண்டு மணி நேரம் கழித்து வரும் அளவுகள் வெவ்வேறாக இருக்கும். இரத்தக் கொதிப்புக்கு எதிரி உப்பு. ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி, உப்புதான் வரம்பு. ஊறலில் உள்ள உப்பு, மேலே தூவும் சாட் மசாலா, தொட்டுக்கொள்ளும் சட்னி மூன்றும் சேர்ந்தால் ஒரே வேளையில் அதில் பெரும்பகுதி முடிந்துவிடும். வீட்டில் சுடுவோர் உப்பைப் பாதியாக்கி, எலுமிச்சையையும் மிளகையும் கூட்டலாம்.

சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். யூரிக் அமிலம் உயர்ந்து மூட்டு வீங்குகிறவர்கள் ஈரலை அறவே விட்டு, கறியையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

என் பையன் ஜிம்முக்குப் போறான். தினமும் எட்டு கம்பி பீஃப் சாப்பிடுறான். நல்லதுதானே?

மேலே போட்ட கணக்கின்படி எட்டு கம்பி என்பது 280 கிராம் சுட்ட கறி. வாரத்துக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ. சிவப்பு இறைச்சியைச் சமைத்த நிலையில் வாரத்துக்கு 350 முதல் 500 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் அறிவுரை. உங்கள் மகன் இரண்டு நாளிலேயே அதைக் கடந்துவிடுகிறார். உடற்பயிற்சி செய்பவருக்குக் கூடுதல் புரதம் தேவைதான். அதை முட்டை, தயிர், கொண்டைக்கடலை, வேர்க்கடலை, மீன், கோழி என்று பிரித்துக்கொண்டு, மாட்டுக்கறியை வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் வைத்துக்கொண்டால் தசைக்கும் குறைவிராது, குடலுக்கும் பாதுகாப்பு.

கடையில ரொம்பச் சிவப்பா இருக்கே, அது மிளகாயா சாயமா?

காஷ்மீர் மிளகாய்த்தூளின் சிவப்பு சற்று மங்கியிருக்கும். விரலில் ஒட்டிக் கழுவினாலும் போகாத பளீர்ச் சிவப்பு செயற்கை நிறமாக இருக்க வாய்ப்பு அதிகம். அண்டையிலுள்ள கர்நாடகம் 2024 ஜூனில் கபாப்களில் செயற்கை நிறம் சேர்ப்பதைத் தடை செய்தது. நிறம் சேர்க்காமல் கொடுங்கள் என்று கேட்கும் வாடிக்கையாளர் பெருகினால் கடைக்காரர்களும் மாறுவார்கள். செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள். அச்சு மையிலுள்ள வேதிப்பொருள்கள் சூடான கொழுப்பில் எளிதில் கலக்கும், உணவைச் செய்தித்தாளில் பொதிவதற்குச் சட்டத்திலும் இடமில்லை.

உப்புக்கண்டத்தையும் இப்படித்தானே சுட்டுச் சாப்பிடறோம்? ரெண்டும் ஒண்ணுதானே?

ஒன்றன்று. புதுக்கறியைச் சுடுவதால் மட்டும் அது பதப்படுத்திய இறைச்சி ஆகிவிடாது. உப்பிட்டு உலர்த்திக் காக்கப்பட்டதால் உப்புக்கண்டம் அந்த வரையறைக்குள் வருகிறது. கடையில் விற்கும் சாசேஜும் அப்படியே. நாள்தோறும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்பவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 18 விழுக்காடு கூடுவதாக முன்பு குறிப்பிட்ட பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை கணக்கிட்டது. ஆண்டில் சில நாள் பாட்டி வீட்டில் உண்ணும் உப்புக்கண்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். வாராவாரம் அதையே உண்பதானால் புதுக்கறிக்கு மாறுவது நல்லது.

சின்னப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கலாமா?

கம்பியோடு கொடுக்கவே கூடாது. கறியை உருவி, சிறுசிறு துண்டாகப் பிய்த்து, காரம் குறைத்துக் கொடுக்கலாம். மென்று தின்னப் பழகாத குழந்தைக்கு நன்றாக வெந்த கொத்துக்கறியே ஏற்றது. பெரிய துண்டு தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

அப்போ ஒரு வேளைத் தட்டு எப்படி இருக்கணும்னு சொல்லுங்க.

நம் ஊரிலேயே அதற்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்தரியைக் குறைந்த எண்ணெயில் வதக்கியோ, அதே கனலில் சுட்டுப் பிசைந்தோ வைக்கலாம். கேழ்வரகுக் களி ஓர் உருண்டை வைத்தால், கறியில் இல்லாத நார்ச்சத்தும், கறியில் மிகக் குறைவாக உள்ள சுண்ணாம்புச்சத்தும் அதில் கிடைக்கும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. தட்டில் பாதி காய்கறியும் வெங்காயம், வெள்ளரி போன்ற பச்சைக் காய்களும், கால் பகுதி களியோ சப்பாத்தியோ, கால் பகுதி கறி என்பது என் பரிந்துரை. பிரியாணியோடு உண்பதானால் பிரியாணியிலேயே கறி இருப்பதை மறவாமல், கம்பியை ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மிஞ்சின கபாபை மறுநாள் சாப்பிடலாமா? கறி ஊறின மசாலாவை என்ன செய்யறது?

சுட்ட கறியை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. வேலூர்க் கோடையில் பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரக் கணக்கையே கைக்கொள்ள வேண்டும். உடனே குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கி உண்ணலாம். மீண்டும் கனலில் காட்டினால் கருகல் கூடும் என்பதால், தோசைக்கல்லில் மூடி போட்டுச் சூடாக்குவது மேல்.

பச்சைக்கறி ஊறிய மசாலாவை அப்படியே சுட்ட கறியின் மேல் தடவக் கூடாது. பச்சைக்கறியிலுள்ள கிருமிகள் வெந்த கறிக்குப் போய்விடும். தடவ வேண்டுமானால், கறியைப் போடுவதற்கு முன்பே ஒரு கிண்ணம் மசாலாவைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக்கறி வைத்த தட்டையும் கழுவாமல் மீண்டும் பயன்படுத்தாதீர்கள்.